கசப்புக்குப் பழகியவள்

ஜூன் 4

அக்கா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். குட்டி இப்போதுதான் கண் அசந்தாள். பகலில் பேனாவை எடுத்தால் பிடுங்கிக்கொள்கிறாள். போனில் பேசலாம்தான். நீ என்னை நாலு வார்த்தை பேச விடமாட்டாய், ஐந்தாவது வார்த்தையில் நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்ட கையெழுத்தைப் பற்றித்தான். குழந்தைகள் காப்பகங்களுக்கு அனுப்பப் போகும் உன் கையேட்டின் அட்டையில் குட்டியின் படத்தைப் போட அனுமதி கேட்டிருந்தாய். எந்தப் படம் என்று தெரியும். முகவாயெல்லாம் பச்சை, கையில் கரண்டி, வாய் கொள்ளாத சிரிப்பு. ஊரில் எந்தக் குழந்தையும் துப்பிவிடும் கசப்பு இலைக்கூழை உன் கையால் தின்று பழகியவள்.

அக்கா, நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

போன மாதம் குட்டி, தரை துடைக்கும் மருந்தைக் குடித்துவிட்டாள். நான் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவள் குளியலறை வாசலில் உட்கார்ந்து டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரி சாவி கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள். கதவருகே இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். உள்ளேயிருந்து "ஆஹா" என்று குரல் கேட்டது. என்னவோ விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மறுபடியும் "ஆஹா." கீழ்வீட்டுக்காரி சிரித்தாள்: "என்னம்மா, உன் பொண்ணு விருந்து சாப்பிடறாளா?"

அந்த ஆஹா யாருடையது என்று உனக்குத் தெரியும். ஏழு மாதம் எங்கள் வீட்டில் தங்கி, ஒவ்வொரு கரண்டிக்கும் கண்ணை விரித்து நீ சொல்லிக்கொடுத்த ஆஹா. ஊட்டுகிறவர் முகம் மலர்ந்தால் குழந்தைக்கும் கசப்பு பிடித்துப்போகும் என்பதுதானே உன் ஆராய்ச்சி.

போய்ப் பார்த்தபோது பாட்டில் பாதி காலி. உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் புண். மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுத்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். குளிர்ந்த பாலை மட்டும் வாயால் குடிக்கிறாள். புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கிவிடுமா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லையாம்.

மருத்துவமனையில் அவளுக்குக் கொடுத்த மருந்து படு கசப்பு. பக்கத்துக் கட்டில் பையனை மூன்று பேர் அமுக்கிப் பிடிப்பார்கள். இவள் தானாக வாயைத் திறந்தாள். கரகரத்த குரலில் ஆஹா என்றாள். நர்ஸுகள் கை தட்டினார்கள். "இவ்ளோ சமத்துப் புள்ளய நாங்க பாத்ததே இல்ல." நான் நடைபாதைக்குப் போய் நின்றுகொண்டேன்.

பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்தத் தரை மருந்துல, குழந்தைங்க குடிக்கக் கூடாதுன்னே கசப்பு கலந்திருக்கு. நாக்குல பட்டாலே குழந்தைங்க துப்பிடும். அரை பாட்டில் எப்படி உள்ள போச்சு?" என்றார். மறுநாள் ஒரு அம்மாள் கோப்போடு வந்தாள். குழந்தைகள் நலத்துறையாம். "வீட்ல ஏதாவது சண்டையா? ராத்திரி தூங்குறீங்களா? புள்ள ரொம்பப் படுத்துறாளா?" மெதுவாகத்தான் கேட்டாள். குட்டிக்கு நானே ஊற்றிக் கொடுத்தேனா என்பதைத்தான் கேட்கிறாள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

என் அக்கா விஞ்ஞானி, சுவை ஆராய்ச்சி செய்கிறவள், குட்டியைக் கசப்புக்குப் பழக்கினாள் என்றேன். அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்: "அதை உங்க அக்கா எழுதிக் குடுப்பாங்களா?"

எழுதிக் கொடு அக்கா. உன் ஆராய்ச்சியிலும் சேர்த்து எழுது. மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்வோம்.

உன் தங்கை

---

ஜூன் 9

தங்கைக்கு,

உன் கடிதத்தை ஆய்வுக்கூட வாசலில் நின்றபடியே படித்தேன். குட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்ற செய்தி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதை முதல் வரியில் எழுதியிருக்கலாம். இத்தனை நாளும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை, இல்லையா? கையெழுத்துக் கேட்டு நான் எழுதாமல் இருந்திருந்தால் இதுவும் வந்திருக்காது.

உணவுக்குழாய் நிபுணர் ஒருவரின் விலாசம் இத்துடன் இருக்கிறது. என் பெயரைச் சொல். குட்டிக்கு ஒரு துணிக்கரடி அனுப்பியிருக்கிறேன். கண்கள் பொத்தான் இல்லை, தைத்தவை. விழுங்க முடியாது.

எழுதிக் கொடு என்கிறாய். என்ன எழுத? நடந்ததை நான் பார்க்கவில்லை. பாட்டில் மூடி இறுக்கமாக மூடியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீயும் வேதியியல் படித்தவள். ஒரே ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்பது உனக்குப் பாடமாகவே வந்திருக்கும். ஆஹா என்றாள் என்கிறாய். அவள் மின்விசிறியைப் பார்த்தாலும் ஆஹா என்பவள்.

என் கையேடு யாருக்கு என்று யோசித்தாயா? காப்பகத்துக் குழந்தைகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்திருக்கிறாயா? உள்ளே சிவப்பே இருக்காது, வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும் மூன்று வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு வேண்டிய இரும்புச்சத்து அந்தக் கசப்பு இலையில் இருக்கிறது. கொடுப்பதோ சர்க்கரை தோய்த்த பிஸ்கட். அதை நிறுத்தத்தான் இத்தனை வருடம் முட்டி மோதியிருக்கிறேன். கையேட்டை ஏற்பதா என்று முடிவு செய்யும் கூட்டம் இந்த மாதக் கடைசியில். அதில் ஒரே ஒரு சந்தேகம் கிளம்பினால் போதும், பிஸ்கட்காரன் ஜெயித்துவிடுவான்.

உன் மேல் யாரும் பழி போடவில்லை. அந்த அம்மாள் தன் வேலையைச் செய்கிறாள். பதறாமல் பதில் சொல். சின்ன வயதிலேயே உனக்கு இந்தக் குணம் உண்டு, செய்யாத தப்புக்கும் திருதிருவென்று முழிப்பாய். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு.

அக்கா

---

ஜூன் 12

அக்கா,

கரடியைத் திருப்பி அனுப்பியது நான் இல்லை, அவர். "உன் அக்கா குடுக்கிறது எதையும் இனி என் பொண்ணு வாய்ல வைக்க வேணாம்" என்றார். துணிக்கரடியை யார் வாயில் வைக்கப் போகிறார்கள் என்று கேட்க வந்தேன். குட்டி அதன் காதைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

மூடி இறுக்கமாக இல்லை. போதுமா? இதையே அவரும் கேட்டார், டாக்டர் கேட்டார், கோப்பு அம்மாள் இரண்டு முறை கேட்டாள். நீ கேட்கமாட்டாய் என்று நினைத்தேன். ஏனென்றால் பூட்ட வேண்டாம் என்று சொன்னவள் நீ. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே சமையலறையையும் குளியலறையையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து சொன்னாய்: "எதுக்குடி மக்கு, எல்லாத்தையும் பூட்டிப் பூட்டித் தெறக்கிற? கசப்பு கலந்த பாட்டிலா பாத்து வாங்கு. நாக்குல பட்டதும் துப்பிடும். எவ்ளோ கசப்பு போட்டா துப்பும்னு அளந்து குடுத்தவளே நான்தான்."

ஆமாம், நீதான். அதுதானே உன் முதல் ஆராய்ச்சி. சுவை பார்க்கும் உன் இயந்திர நாக்கை வைத்துக் கசப்பை அளந்து, எந்த அளவில் குழந்தை துப்பும் என்று கண்டுபிடித்தாய். அதற்குப் பதக்கம் வாங்கினாய், நான் உன்னோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். பிறகு குழந்தை கசப்பைத் துப்பாமல் இருக்க என்ன செய்வது என்று கண்டுபிடித்தாய். அதற்கும் கை தட்டினேன். இரண்டும் உன் ஆய்வுகளின் பட்டியலில் மேலும் கீழுமாக இருக்கின்றன. இரண்டும் ஒரே வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று உன்னைப் போன்ற படிப்பாளிக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா?

தோன்றியிருக்க வேண்டும் அக்கா. விரல் சூப்புவதை நிறுத்த மருந்துக்கடையில் ஒரு கசப்புப் பூச்சு வாங்கித் தடவினேனே, ஞாபகம் இருக்கிறதா? குட்டி கட்டை விரலை நக்கி முடித்துவிட்டு அடுத்த விரலை நீட்டினாள். பத்து விரலுக்கும் பூசச் சொல்லி அழுதாள். சிரிப்பாக இருக்கிறதென்று உனக்கு எழுதினேன். "என் செல்லத்துக்கு ஒரு பதக்கம் குத்து! ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள்" என்று பதில் போட்டாய். அந்தப் பூச்சில் இருப்பதும் பாட்டிலில் இருப்பதும் ஒரே கசப்பு என்று இப்போதுதான் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். உனக்கு அன்றே தெரியும். அன்றைக்கு நீ சிரிக்காமல், பாட்டிலைப் பூட்டி வை என்று ஒரு வரி எழுதியிருந்தால்?

இன்னொன்றும் கேட்கிறேன். கசப்பைப் பார்த்தால் என் முகம் சுளித்துவிடுகிறது, கணக்கு கெட்டுவிடும் என்று எனக்கு முகக்கவசம் மாட்டிவிட்டாய். என் குழந்தைக்கு நீ முதன்முதலாகச் சாப்பாடு ஊட்டிய நாட்களில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மட்டும் பார்த்தாள். நான் அப்போதெல்லாம் கவசத்துக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தேன். அது அவள் பார்க்க வேண்டிய முகம், அக்கா. அம்மா முகம் சுளித்தால் அது வேண்டாம் என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு குழந்தையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்கிறாய். உன் ஆய்வில் நாற்பது குழந்தைகளில் ஒருத்தியாக எண்ணும்போது மட்டும் அவள் கணக்கில் வந்தாளா?

அந்த அம்மாள் இனி வாரா வாரம் வீட்டுக்கு வருவாளாம். எழுதிக் கொடு.

உன் தங்கை

---

ஜூன் 18

தங்கைக்கு,

சனிக்கிழமை உன் தெருவுக்கு வந்திருந்தேன். ரயிலில் இரவெல்லாம் உட்கார்ந்தே வந்தேன். எதிரே இருக்கும் மருந்துக்கடை ஓரமாக நின்றேன். உன் ஜன்னல் கம்பியில் குட்டியின் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. உன் வீட்டுக்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். அவள் மெலிந்திருக்கிறாள். என் பக்கம் கையை நீட்டினாள். நான் கடைக்குள் போய் நின்றுகொண்டேன். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். பஞ்சு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

விரல் பூச்சுக்கு நான் சிரித்ததைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். விட்டுவிடு.

முகக்கவசத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது கோபம் வந்தது. உனக்கு அந்த ஏழு மாதமும் பரிசோதனை. நீ அம்மா, உனக்கு ஆயுள் முழுக்க ஊட்டுவதற்கு நேரம் இருக்கிறது. எனக்கு? என் கையிலிருந்து ஒரு பிள்ளை வாங்கிச் சாப்பிட்டது அந்த ஏழு மாதம்தான். நான் முகம் மலர்ந்து ஆஹா சொன்னது ஆராய்ச்சிக்காகவா என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்க வேண்டாம்.

உன் மனம் ஆறட்டும் என்று செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன். குட்டியை ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். ஆய்வாளருக்கு இரத்த உறவான குழந்தையைச் சேர்த்திருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அப்போது யாரும் கவனிக்கவில்லை. அந்தக் காரணத்தைக் காட்டித் திருத்தம் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இனி ஆய்வில் முப்பத்தொன்பது குழந்தைகள். முடிவில் மாற்றம் எதுவும் இல்லை. அட்டையில் வேறு குழந்தையின் படம் வருகிறது. உன் கையெழுத்து இனி தேவையில்லை.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில், துப்புரவுப் பொருள்களைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்.

நலத்துறைக்கு எழுதிக் கொடுப்பதுதான் இனிச் சிக்கல். ஆய்வில் இல்லாத குழந்தையைப் பற்றி நான் விஞ்ஞானியாக எதையும் எழுதித் தர முடியாது. அக்காவாக எழுதினால் அதற்கு மதிப்பு இருக்காது. நிலைமையைப் புரிந்துகொள்வாய் என்று நினைக்கிறேன்.

அக்கா

---

ஜூன் 21

அக்கா,

சனிக்கிழமை குட்டி "பெரிம்மா, பெரிம்மா" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாளாம். "சும்மா இருடி, பெரிம்மாவும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று அவர் அதட்டியிருக்கிறார். வீடு திரும்பும் வரை அழுதிருக்கிறாள். இரண்டு வயதுக் குழந்தை, உன்னைப் பார்த்தேன் என்று சொன்னதை நாங்கள் நம்பவில்லை. நேற்று உன் கடிதம் வந்த பிறகு அவர் அவளிடம் போய் உட்கார்ந்து, "நீ சொன்னது சரிதான்டா" என்றார். அவளுக்கு மறந்தே போயிருந்தது.

அந்த அம்மாளும் நேற்று வந்தாள். அலமாரிகளைத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் பூட்டு. "இப்ப பூட்டிருக்கீங்க" என்றாள். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா உனக்கு எதாவது குடிக்கக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள். குட்டி யோசித்தாள். "பெரிம்மா ஆஹா" என்றாள். பெரியம்மா யார் என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். என் அக்கா, குழந்தைகளுக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுக்கிறவள் என்றேன். வேறென்ன சொல்ல? உன் ஆய்வில் நாங்கள் இருந்ததே இல்லையே. நான் சொன்ன ஒரே உண்மையையும் இப்போது நீ பொய்யாக்கிவிட்டாய். பழி என் தலையில் பத்திரமாக இருக்கிறது.

அவளை எடு என்று நான் கேட்கவே இல்லை அக்கா. சேர்த்து எழுது என்றுதான் கேட்டேன். என் மனம் ஆறவா அவளை அழித்தாய்?

சரி, என் கதை இருக்கட்டும். ஆய்வு ஆரம்பித்த நாளில் எங்கள் ஊரில் ஒரு கூடத்தில் எல்லா அம்மாக்களையும் உட்கார வைத்து முகக்கவசம் கொடுத்தாயே, அன்று என் பக்கத்தில் ஒரு தையல்காரி இருந்தாள். பையன் குட்டியைவிட இரண்டு மாதம் பெரியவன். அவள் கடை எங்கள் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு குட்டியை அவரிடம் விட்டுவிட்டு அங்கே போனேன். ஜாக்கெட் கைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டாள். பாட்டிலைப் பூட்டி வையுங்கள் என்றேன்.

"உங்க அக்காதானே பூட்ட வேணாம்னாங்க? கசப்பு கலந்ததா வாங்கினா பயமில்லன்னு அன்னிக்கு எல்லாருக்கும் சொன்னாங்களே."

நீ என்னிடம் மட்டும்தான் சொன்னாய் என்று நினைத்திருந்தேன். அன்று குட்டி அழுதாள் என்று நான் பாதியில் எழுந்து வெளியே போயிருந்தேன்.

"உங்க பையன் கசப்பு சாப்பிடுவானா?" என்றேன்.

"அவனா? கசப்புன்னா அவனுக்கு உசிரு. குளிக்கிற சோப்ப நக்குறான்னா பாத்துக்கோங்களேன். அவங்க அப்பா சிரிச்சுச் சிரிச்சு…" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று காலை எடுத்துவிட்டாள். இயந்திரம் நின்றது. கடையைப் பூட்டக்கூட இல்லை. அளவு கொடுக்க வந்த பெண்ணை அப்படியே நிற்க வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பாட்டில் தொட்டிக்கடியில், துணி சோப்புக்குப் பக்கத்தில், மூடி திறந்தபடி இருந்தது. எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரே ஒரு குழந்தையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றாய். இப்போது இரண்டு.

உன் கடைசிப் பக்க வரியை நினைத்துப் பார்த்தேன். எட்டாத இடத்தில் வைக்கவும் என்று எல்லாப் பாட்டிலிலும்தான் அச்சடித்திருக்கிறது. யார் படிக்கிறார்கள்? நீ பூட்ட வேண்டாம் என்று வாயால் சொன்னதை அந்த அம்மாக்கள் நம்பினார்கள். உன் வாயாலேயே பூட்டு என்று சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். காரணம் தெரியாவிட்டால் என்னைப் போல அவர்களும், கசப்பு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடுவார்கள்.

நலத்துறைக்கு எழுதித் தர வேண்டாம். என் மேல் இருப்பது இருக்கட்டும். நீ கேட்ட அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு இனி அது தேவையில்லை என்று தெரியும். ஆனாலும் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போ. குட்டியின் படத்தைக் காட்டி, இவளுக்கு இப்படி ஆயிற்று என்று சொல். சொல்லிவிட்டு இலையையும் கொடு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளுத்த இமைக்காரப் பிள்ளைகளுக்கு என்னைவிட நீ நல்லவள் என்பது எனக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். தையல்காரி வீடு போக மிச்சம் முப்பத்தெட்டு வீடுகள். எனக்கு அந்த அம்மாக்களின் முகம்கூடத் தெரியாது, எல்லோரும் கவசம் போட்டிருந்தோம். விலாசம் உன்னிடம்தான் இருக்கிறது. நீ அவர்களுக்கு எழுது, அல்லது விலாசங்களை எனக்கு அனுப்பு, நான் எழுதுகிறேன்.

சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை